பெக்குக்கு முன் அச்சு: செட்டிநாட்டில் பிஎம்எக்ஸ் ஸ்ட்ரீட் சைக்கிள் தயார் செய்வது எப்படி

பிஎம்எக்ஸ் வாங்கியதும் பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது பெக். சக்கர அச்சின் முனையில் மாட்டும் நாலு, நாலரை அங்குல நீளக் குழாய். இரண்டு மாட்டினால் திண்டு விளிம்பில் சறுக்கிக்கொண்டு போகலாம் என்ற ஆசை. ஆசையில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் குழாயின் மேல் விழும் பாரம் முழுவதையும் வாங்கிக்கொள்வது சக்கரத்தின் அச்சு. விளிம்பில் வந்து இறங்கும் நொடியில் சைக்கிளின் எடையும் உங்கள் எடையும் இறங்கும் வேகமும் சேர்ந்து அந்த அச்சை வளைக்கப் பார்க்கும். அச்சு தாங்காத சைக்கிளில் எவ்வளவு நல்ல பெக் மாட்டினாலும் காசுக்குக் கேடுதான். அதனால் அச்சிலிருந்தே தொடங்குகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் புதிதாக ஓட்ட வருபவர்களை மனதில் வைத்து எழுதுவதால், எதில் உரசலாம், எதில் உரசவே கூடாது என்பதும் இதில் வரும்.

முதல் வேலை: சைக்கிளைச் சோதிப்பது

இருபது அங்குலச் சக்கரமும் உயரமான ஹேண்டில்பாரும் இருந்தால் நம் ஊர்க் கடைகளில் அதை பிஎம்எக்ஸ் என்றே சொல்லி விற்பார்கள். சிலவற்றின் பின்சக்கரத்தில் பெக் போலவே இரண்டு குழாய்கள் இருக்கும். அவை பின்னால் ஒருவர் நின்று வருவதற்காக வைத்தவை. கல்லில் உரசுவதற்கு அல்ல.

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் கிராங்க், அதாவது பெடல்கள் மாட்டியிருக்கும் கைகள். இடது கை, நடு அச்சு, வலது கை மூன்றும் ஒரே கம்பியை வளைத்துச் செய்ததாக இருந்தால் அது சிறுவர் சைக்கிள். ஸ்ட்ரீட், அதாவது தெருவில் இருக்கும் திண்டு, படி, கம்பிகளில் வித்தை ஓட்டுவதற்கு, இரண்டு கைகளும் தனித்தனியாகக் கழற்றக்கூடிய மூன்று துண்டு கிராங்க் வேண்டும். அடுத்து பிரேம். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக்கு 4130 குரோமோலி என்று பெயர். பிரேம் ஸ்டிக்கரில் இந்த எண் இருந்தால் நிம்மதி. முன்கவையும் அதே எஃகா என்று தனியாகக் கேளுங்கள். பிரேமை மட்டும் குரோமோலியில் செய்துவிட்டு முன்கவையைச் சாதா இரும்பில் விடுவதும் உண்டு.

மூன்றாவதுதான் முக்கியம்: பின்சக்கர அச்சின் தடிமன். வெர்னியர் இருந்தால் அளந்துவிடலாம். இல்லாவிட்டால் நட்டில் சாக்கெட்டை வைத்துப் பாருங்கள். 17 எண் சாக்கெட் சரியாக உட்கார்ந்தால் பெரும்பாலும் 14 மி.மீ. அச்சு, 15 எண் உட்கார்ந்தால் 10 மி.மீ. அச்சு. நான்கு மி.மீ. வித்தியாசம் பார்வைக்குக் கொஞ்சம்தான். ஆனால் ஒரு உருளைக் கம்பி வளைவை எதிர்க்கும் வலு அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. பத்தின் மும்மடி ஆயிரம், பதினான்கின் மும்மடி 2744. அதாவது ஒரே எஃகில் செய்திருந்தால் 14 மி.மீ. அச்சுக்கு ஏறத்தாழ 2.7 மடங்கு வலு. பின்சக்கரத்துக்கு 14 மி.மீ.க்குக் குறைந்து பெக் மாட்டாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். முன்சக்கரத்தில் 10 மி.மீ. அச்சு இருப்பது வழக்கம். கிரைண்ட் செய்யும்போது, அதாவது பெக்கால் விளிம்பில் சறுக்கும்போது, பாரம் அதிகம் பின்னால் விழுவதால் முன்னால் அது தாங்கும்.

உங்கள் சைக்கிளில் பின்னச்சு 10 மி.மீ.தானா? சைக்கிளை மாற்றும்வரை பெக் வேண்டாம். அதே சைக்கிளில் பன்னி ஹாப் நன்றாகப் பழகுங்கள். இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகத் தரையிலிருந்து எழுப்பத் தெரியாமல் கிரைண்ட் வராது, ஆகவே அந்தக் காலம் வீணாகாது.

இன்னும் சைக்கிள் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிஎம்எக்ஸ் ரேஸ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. வளைவுத் தளங்களில் வித்தை காட்டும் பூங்கா வகை ஃப்ரீஸ்டைல் டோக்கியோ போட்டியில், 2021இல் சேர்ந்தது. அவற்றைப் பார்த்து ஆசைப்பட்டு ரேஸ் சைக்கிளை வாங்கிவிடாதீர்கள். அது எடை குறைவாக இருப்பதற்காகச் செய்தது, பெக்குக்கு ஆனது இல்லை. வாங்கும்போதே ஸ்ட்ரீட் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

எந்த பெக், எந்தப் பக்கம்

முழுக்க எஃகில் செய்த பெக் உண்டு. உள்ளே உலோகக் குழாயும் மேலே நைலான் உறையும் கொண்ட பிளாஸ்டிக் பெக்கும் உண்டு. எஃகு பெக் இரும்புக் கம்பியில் அழகாகச் சறுக்கும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் சொரசொரப்பான சிமெண்டில் கடித்துக்கொண்டு நின்றுவிடும், சத்தமும் ஊரைக் கூட்டும். பிளாஸ்டிக் உறை சிமெண்டிலும் கல்லிலும் நழுவிப் போகும், சத்தம் குறைவு. தேய்ந்தால் உறையை மட்டும் மாற்றலாம். நம் பக்கம் கிடைக்கும் விளிம்புகள் பெரும்பாலும் சிமெண்ட்தான். அதனால் புதியவர்களுக்கு பிளாஸ்டிக் பெக்கையே சொல்வேன்.

நான்கு பெக்கும் ஒரே நாளில் மாட்டத் தேவையில்லை. ஒரு பக்கத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு போதும். எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய எளிய வழி ஒன்று: முழங்காலுக்குக் கீழான உயரமுள்ள ஒரு திண்டை ஒட்டி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முதலில் திண்டு இடப்பக்கம், அப்புறம் வலப்பக்கம். ஓட்டும்போது உங்களுக்கு முன்னால் நிற்கும் கால் எது என்பதைப் பொறுத்து ஒரு பக்கம் இயல்பாக இருக்கும், மற்றது சங்கடமாக இருக்கும். இயல்பான பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வலது பக்கம் வந்தால் ஒரு செலவு கூடும். பெரும்பாலான சைக்கிளில் செயினும் பல்சக்கரமும் வலப்புறம்தான் இருக்கும். கிரைண்ட் தவறி இறங்கினால் பல்சக்கரம் விளிம்பில் இடிக்கும். கார்டு வைத்த பல்சக்கரமும், பின்ஹப்பின் (சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றியுள்ள பகுதி) செயின் பக்கத்துக்கென்றே வரும் கார்டும் வாங்க வேண்டும். இடது பக்கத்துக்குச் செயின் வரும்படி செய்த பிரேம், ஹப் வகைகளும் உண்டு. புதிதாக வாங்குபவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஹப் கார்டு என்பது ஸ்போக் தலைகளை மறைத்து நிற்கும் வட்டத் தட்டு. பெக் நழுவி விளிம்பு உள்ளே வரும்போது ஸ்போக் அறுந்துபோகாமல் காப்பது அது. பெக் வாங்கும் அன்றே பெக் பக்கத்து இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து வாங்குங்கள். ஹப்பின் மாடலைச் சொல்லி வாங்குவது நல்லது. பொருந்தாத கார்டு தடிமன் கூடி, சக்கரத்தைப் பிரேமுக்குள் நுழைய விடாது.

முன்னச்சுக்கு ஒரு புஷ்

பெக்கின் அடித்தட்டில் உள்ள துளை பெரும்பாலும் 14 மி.மீ. முன்னச்சு 10 மி.மீ. அப்படியே மாட்டினால் பெக் மையம் விலகி உட்காரும், ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் நகர்ந்து நட் தளரும். அந்த இடைவெளியை நிரப்பும் வளையம் ஒன்று, நம் ஊர்ப் பேச்சில் புஷ், பல பெக்குகளுடன் சேர்ந்தே வரும். வராவிட்டால் கவலை வேண்டாம். பெக்கையும் முன்சக்கர அச்சு நட்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்து லேத் பட்டறைக்குப் போங்கள். வெளிவிட்டம் 14, உள்விட்டம் 10 என்று சொன்னால் சிறு துண்டு இரும்பில் கடைந்து கொடுத்துவிடுவார்கள். 10 மி.மீ. என்று நாம் சொல்லும் அச்சு பலவற்றில் எட்டில் மூன்று அங்குலம், அதாவது 9.5 மி.மீ. ஆகவே முடிந்தால் சக்கரத்தையே கொண்டுபோய் அளந்து கடையச் சொல்லுங்கள்.

நீளத்தில் கவனம் வேண்டும். புஷ் பெக்கின் அடித்தட்டுத் தடிமனைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் நட் புஷ்ஷைத்தான் அழுத்துமே தவிர பெக்கை அழுத்தாது. எவ்வளவு இறுக்கினாலும் பெக் ஆடும். காரணம் புரியாமல் நட்டைத்தான் திட்டிக்கொண்டிருப்போம்.

லேத்தில் புஷ் செய்யலாம், அச்சு செய்யாதீர்கள். சாதா இரும்பில் கடைந்த அச்சு உருவத்தில் ஒன்றாக இருந்தாலும் வெப்பப் பதம் கொடுத்த குரோமோலி அச்சின் வலு அதற்கு வராது. பெக் பக்கம் அச்சு வளைந்தால் அதே ஹப்புக்கான அச்சையே வரவழைத்து மாற்றுங்கள்.

மாட்டும் முறை

தேவையானவை: 17 எண் நீளச் சாக்கெட், 15 எண் நீளச் சாக்கெட், ஒரு அடி நீளக் கைப்பிடி, கொஞ்சம் கிரீஸ், துணி, டார்ச். நட் பெக்கின் குழிக்குள் இருப்பதால் சாதாரண ஸ்பானர் எட்டாது. டூ வீலர் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் டி ஸ்பானர் பல பெக்குகளுக்குள் நுழையும். பெக்கைக் கையில் கொண்டுபோய் நுழைகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், மலிவாகவும் முடியும்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். பின்சக்கரத்தில் தொடங்கலாம். பெக் வரும் பக்கத்து நட்டையும் வாஷரையும் கழற்றுங்கள். ஹப் கார்டு போட வேண்டுமானால் மறுபக்க நட்டையும் தளர்த்திச் சக்கரத்தை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். கார்டு ஹப்புக்கும் பிரேம் தகட்டுக்கும் (அச்சு நுழையும் பிரேமின் தகடு) நடுவில் உட்காரும். அச்சின் மரைகளைத் துணியால் துடையுங்கள். நம் பக்கத்துச் செம்மண் தூசி மரைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதோடு இறுக்கினால் இறுக்கம் வந்தது போலத் தெரியும், உண்மையில் வந்திருக்காது. துடைத்தபின் விரல்நுனி அளவு கிரீஸ் தடவுங்கள்.

சக்கரத்தை மறுபடி வைத்து, செயினைப் பல்லில் ஏற்றி, சக்கரத்தைப் பின்னோக்கி இழுத்துப் பிடியுங்கள். ரிம் இரண்டு பக்கக் குழாய்களுக்கும் சம தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பெக்கை அச்சில் நுழைத்து, பெக்கின் உள்ளே வாஷர், அதன் மேல் நட். வாஷர் பெக்குக்கு உள்ளேதான் போக வேண்டும். பெக்கின் அடித்தட்டு நேராகப் பிரேம் தகட்டின் மேல் முழுவட்டமாக உட்கார வேண்டும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. நட் நன்றாக இறுகினால் பெக்கும் பிரேம் தகடும் ஒரே கட்டையாகிவிடும். விளிம்பில் விழும் பாரம் அந்த வட்ட முகப்பு வழியாகப் பிரேமுக்குப் போகும். நட் கொஞ்சம் தளர்ந்தாலும் முகப்பு விலகும், பாரம் முழுக்க அச்சின் தலையில் விழும். 14 மி.மீ. அச்சும் வளைவது பெரும்பாலும் அப்போதுதான்.

கையால் நட்டை ஏற்றியபின் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அச்சின் முனை நட்டைத் தாண்டி ஒன்றிரண்டு மரையாவது தெரிய வேண்டும். நட்டுக்குள்ளேயே அச்சு முடிந்துவிட்டால் பிடிமானம் போதாது. நீளம் கூடிய அச்சு வேண்டும், அல்லது அடித்தட்டு மெலிந்த பெக் வேண்டும். சரியாக இருந்தால் இரண்டு பக்க நட்டையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கடைசி இறுக்கத்துக்கு ஒரு அடிக் கைப்பிடியை நல்ல பலத்தோடு இழுக்க வேண்டும். கால் வைத்து மிதிக்க வேண்டாம், மரை அறுந்துபோகும்.

செயினை நடுவில் விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாக ஒரு செ.மீ. அளவு ஆட வேண்டும். கிராங்கை முழுச் சுற்று சுற்றி, அதிகம் இறுகும் இடத்தில் பாருங்கள். கம்பி போல் விறைத்து நின்றால் ஹப் பேரிங் கெடும்.

முன்சக்கரம் இதே வரிசைதான், புஷ் மட்டும் கூடுதல். சில முன்ஹப்பில் அச்சு வெளியே நீட்டாது; பக்கவாட்டில் போல்ட் உள்ளே போகும். அதற்கு போல்ட்டின் நீளம் பெக்கின் தட்டையும் சேர்த்துப் போதுகிறதா என்று பாருங்கள். சில பெக்கில் நடுத்துளைக்குப் பக்கத்தில் சிறு துளையும் ஊசியும் இருக்கும். பிரேம் தகட்டிலோ முன்கவையிலோ அதற்கு ஜோடித் துளை இருந்தால் ஊசியைப் போடுங்கள், பெக் சுழலாது. ஜோடித் துளை இல்லையென்றால் விட்டுவிடலாம். பிரேமில் புதிதாகத் துளை போட வேண்டாம்.

டயர், பிரேக், ஹேண்டில்பார்

ஸ்ட்ரீட்டுக்கு 2.2 முதல் 2.4 அங்குல அகல டயர் நல்லது. காற்று 60 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. காற்று குறைவாக இருந்தால் திண்டில் இடிக்கும்போது ரிம் அடிவாங்கும், டியூப் நசுங்கி இரண்டு ஓட்டையாகும். பிஎம்எக்ஸ் டியூபின் வால்வு மோட்டார் சைக்கிள் வால்வு போலவே இருக்கும் என்பதால் பெட்ரோல் பங்கில் அடித்துக்கொள்ளலாம். அங்கே இரண்டு சக்கர வண்டிக்கான அளவில் நிறுத்திவிடுவார்கள், எவ்வளவு வேண்டும் என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். டியூப் சிறியது, நொடியில் நிரம்பிவிடும். கூடவே நின்று பார்ப்பது நல்லது.

சிவகங்கைச் சீமையில் ஓட்டுபவர்களுக்குச் சீமைக் கருவேல முள்ளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சாலை ஓரத்தில், கண்மாய்க் கரையில், காலி மனையில் எல்லாம் அதுதான். ஒரு மாற்று டியூப் எப்போதும் பையில் இருக்கட்டும். வாங்கும்போது 20 x 1.75 முதல் 2.125 வரை என்பது போலத் தசம எண் எழுதிய டியூப் வாங்குங்கள். இருபது அங்குலத்திலேயே பின்ன எண் எழுதிய இன்னொரு வகை உண்டு, அது வேறு ரிம்முக்கானது.

பின்பிரேக்கைக் கழற்றாதீர்கள். படங்களில் பிரேக்கே இல்லாமல் ஓட்டுபவர்களைப் பார்த்துப் பலர் முதல் வாரத்திலேயே கழற்றிவிடுகிறார்கள். அவர்கள் ஷூவின் அடியால் டயரை அழுத்தி நிறுத்தவும், வேகத்தை உடம்பால் கணிக்கவும் பழகியவர்கள். நம் தெருக்களில் குறுக்கே ஆடு வரும், சந்திலிருந்து பைக் வரும். பிரேக் இருக்கட்டும்.

ஹேண்டில்பார் பக்கவாட்டில் பார்த்தால் முன்கவையின் கோட்டிலேயே, அல்லது ஒரு துளி முன்சாய்ந்து நிற்க வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் போல்ட்டுகளை அலன் கீயால் குறுக்கு மூலையாக மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். சீட்டை நன்றாகக் கீழே இறக்கிவிடுங்கள். ஸ்ட்ரீட்டில் அது உட்காருவதற்காக இருப்பது அல்ல, ஹாப் செய்யும்போது வழியில் நிற்காமல் இருந்தால் போதும்.

எங்கே உரசக் கூடாது

செட்டிநாட்டில் தெருவுக்குத் தெரு விளிம்புகள்தான். முகப்புத் திண்ணைகள், கல் படிகள், ஊருணிக் கரைகள், ஆத்தங்குடிக் கல் பதித்த தாழ்வாரங்கள். நீளமாக, நேராக, மழமழப்பாக இருக்கும். கண்ணுக்கு ஆசையாகத்தான் இருக்கும். அவற்றில் ஒன்றில்கூட பெக் படக் கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது. அந்தப் பூ வேலை மேல்பக்கம் ஒரு மெல்லிய அடுக்கில் மட்டுமே இருக்கிறது. பிளாஸ்டிக் பெக்கில் ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், நிரந்தரக் கோடு விழுந்துவிடும். திண்ணையும் தூணும் சுண்ணாம்புப் பூச்சு உள்ள வீடுகளில் அந்தப் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவர ஆள் கிடைப்பதே அரிது. பூட்டியிருக்கும் வீடு யாருடையதும் இல்லாத வீடு ஆகாது. பல வீடுகளை உரிமையாளர்கள் வெளியூரிலிருந்தே பராமரிக்கிறார்கள், திருமணத்துக்கும் முன்னோர் வழிபாடான படைப்புக்கும் குடும்பமாக வந்து கூடுகிறார்கள். ஊருணி மழைநீரைத் தேக்கி ஊர் குடித்த, பல இடங்களில் இன்னும் குடிக்கிற தண்ணீர். அதன் படிக்கட்டில் சைக்கிளை இறக்குவதே தவறு. கோயில் மதிலும் மண்டபமும் சொல்லவே வேண்டியதில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. யாராவது ஒருவர் ஒரு திண்ணையைக் கீறினால், அந்த ஊரில் அதன்பின் பிஎம்எக்ஸ் ஓட்டும் எல்லாப் பிள்ளைகளையும் விரட்டுவார்கள். வெளியே உட்கார்ந்திருக்கும் ஆச்சியிடமும் ஐயாவிடமும் போய்ப் பேசி, எங்கே ஓட்டலாம் என்று கேட்டுப் பாருங்கள். பயன்படாத சிமெண்ட் களமோ, பள்ளி மைதானத்து மூலையோ, கிடங்குக்கு முன்னுள்ள தரையோ அவர்கள் வாயிலிருந்தே வரும். கிராமங்களில் நெல் காயப்போடும் சிமெண்ட் களம் ஓட்டுவதற்கு அருமையான தரை. அறுவடைக் காலத்தில் அதை விட்டுவிட வேண்டும். மற்ற மாதங்களில் ஊராரிடம் அனுமதி கேட்டு, ஓட்டிமுடித்துப் பெருக்கிவிட்டு வந்தால் யாரும் மறுப்பது குறைவு.

சொந்தமாக ஒரு பெட்டி

தரை கிடைத்துவிட்டால் விளிம்பை நாமே செய்துகொள்ளலாம். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் உயரம் தவறினால் எல்லாம் வீண்.

இருபது அங்குலச் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து சுமார் 25 செ.மீ. உயரத்தில் இருக்கும். பெக்கின் ஆரம் சுமார் 2 செ.மீ. ஆக, பெக்கின் அடிப்பக்கம் தரையிலிருந்து 23 செ.மீ. பக்கம் வரும். உங்கள் சைக்கிளில் டேப் வைத்து அளந்து பாருங்கள். அதைவிடத் தாழ்ந்த விளிம்பில் இரண்டு பெக்கும் உட்காரவே முடியாது, சக்கரம் தரையில் நின்றுவிடும். சாலை நடுவே இருக்கும் தாழ்வான திண்டுகளில் முயன்று வரவில்லையே என்று சோர்ந்துபோவதில் அர்த்தமில்லை. முதல் பெட்டிக்கு 28 செ.மீ. சரியான உயரம். ஐந்து செ.மீ.க்கு மேல் கொஞ்சம் எழும்பினாலே பெக் மேலே வந்துவிடும்.

எட்டடிக்கு நாலடி, 18 மி.மீ. தடிமன், தண்ணீர் தாங்கும் பிளைவுட் ஒரே ஒரு ஷீட் போதும். நீளவாக்கில் 40 செ.மீ. அகலத்தில் ஒரு பலகை, அது மேல்தளம். 26 செ.மீ. அகலத்தில் இரண்டு, அவை பக்கங்கள். மீதி நிற்கும் சுமார் 29 செ.மீ. பட்டையில் 36.4 செ.மீ. நீளம், 26 செ.மீ. உயரமாக ஆறு துண்டு வெட்டலாம். இரண்டு முனைகளுக்கு இரண்டு, உள்ளே தாங்கு பலகையாகச் சம இடைவெளியில் நான்கு. மேல்தளம் பக்கங்களின் மேல் உட்காரும்போது உயரம் 27.8 செ.மீ. ஆகிவிடும். மர அறுவைக் கடையிலேயே அளவு சொல்லி வெட்டி வாங்கினால் கோடு நேராக இருக்கும்.

விளிம்புக்கு 40 மி.மீ. எல் ஆங்கிள், எட்டடி நீளம். வெல்டிங் பட்டறையில் ஓரடி இடைவெளியில் துளை போட்டு, துளையின் வாயைச் சாய்வாகக் கடையச் சொல்லுங்கள். ஸ்க்ரூவின் தலை இரும்பின் மட்டத்துக்குக் கீழே மறைய வேண்டும். ஒரு தலை நீட்டிக்கொண்டிருந்தாலும் பெக் அதில் மாட்டி ஆளைத் தூக்கி எறியும். ஆங்கிளின் இரண்டு முனைகளையும் உருண்டையாக ராவி விடுங்கள். கையால் தடவிப் பார்த்தால் பிசிறு படக் கூடாது.

பெட்டிக்குள் நாலைந்து ஹாலோ பிளாக் வைத்தால் இடத்தை விட்டு நகராது. இரவில் மண் தரையில் விட்டுவைக்காதீர்கள். கரையான் நம் ஊரில் ஒரு மழைக்காலத்தில் பலகைகளின் அடிப்பக்கத்தைத் தின்றுவிடும். செங்கல் மேல் தூக்கி வைத்து மூடிவிடுங்கள். மெழுகு அதிகம் தேவைப்படாது, பிளாஸ்டிக் பெக் இரும்பில் தானாகவே ஓடும். சிமெண்ட் விளிம்பில் ஓட்டும்போது மட்டும் சாதாரண மெழுகுவர்த்தியை மெல்லியதாகத் தேய்க்கலாம், அதுவும் இடத்துக்குச் சொந்தக்காரர் சம்மதித்தால்.

முதல் கிரைண்ட்

தலைக்கவசம், கையுறை, கணுக்கால் முதல் முழங்கால்வரை முன்பக்கம் மறைக்கும் காப்பு, தட்டையான அடியுள்ள ஷூ. செருப்போடு ஓட்டாதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் இரும்பு விளிம்பு கை வைக்க முடியாமல் கொதிக்கும். காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும் முன் நின்ற நிலையில் ஒரு பயிற்சி. நண்பர் ஒருவர் பிடித்துக்கொள்ள, சைக்கிளைத் தூக்கி இரண்டு பெக்கையும் பெட்டி விளிம்பில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். பெடல் இரண்டும் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். உங்கள் எடை பெட்டியின் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால்தான் நிற்கும். நேராக நின்றால் சைக்கிள் வெளிப்பக்கம் சரிகிறது என்பதை உடம்பு அங்கேயே கற்றுக்கொள்ளும். புதியவர்கள் விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: பயத்தில் உடம்பைப் பெட்டியிலிருந்து விலக்கிவிடுகிறார்கள்.

பிறகு ஓடவிடுங்கள். வேகம் நடப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல், மெதுவாக ஓடும் வேகம். பெட்டிக்கு ஏறத்தாழ இணையாக, சிறு கோணத்தில் நெருங்குங்கள். பெட்டியின் நடுப்பகுதியில் ஹாப் செய்து, பெட்டியின் பக்கம் உடம்பைக் கொண்டுபோய் இரண்டு பெக்கையும் ஒன்றாக வையுங்கள். முன்பெக் ஒரு நொடி முன்னால் பட்டாலும் பரவாயில்லை. கண் பெக்கைப் பார்க்கக் கூடாது, பெட்டி முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். முழங்கை, முழங்கால் இரண்டும் மடங்கியே இருக்கட்டும். முனை வரும்போது ஹேண்டில்பாரை லேசாக மேலே இழுத்துக்கொண்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்து இறங்கும். இழுக்காவிட்டால் முன்சக்கரம் முதலில் குத்தும்.

பெக் பட்டதும் சைக்கிள் சட்டென்று நின்றால் வேகம் போதவில்லை, அல்லது விளிம்பில் மணல் இருக்கிறது. துடைத்துவிட்டு மறுபடி வாருங்கள்.

முதல் நாள் ஓட்டி முடித்ததும் நான்கு அச்சு நட்டையும் மறுபடி இறுக்குங்கள். புதிய பெக் முதல் அடிகளில் கொஞ்சம் அமர்ந்து கொடுக்கும், நட் கால் சுற்றாவது ஏறும். அதன்பின் வாரம் ஒருமுறை பாருங்கள். பெக்கைப் பின்னாலிருந்து கவனித்தால் அச்சு வளைந்திருப்பது தெரியும். வளைந்திருந்தால் பெக் தகட்டோடு செங்கோணமாக நிற்காது. ஸ்போக்குகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்தி, தளர்ந்தது இருந்தால் சைக்கிள் கடையில் கோட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு வையுங்கள். பெக்கின் உறை ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்ததும் நட்டைத் தளர்த்தி பெக்கைக் கால் சுற்று திருப்பி இறுக்கினால் புதிய பக்கம் கிடைக்கும். நாலு பக்கமும் தேய்ந்து உள்ளிருக்கும் உலோகம் எட்டிப்பார்க்கும்போது உறையை மாற்றிவிடுங்கள்.